சலக்கடுப்பு என்று சொல்லி வரும் நோவு

திருகோணமலையின் கொட்டியாரக்குடாவைச் சுற்றியுள்ள ஊர்களில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண், உறவின்போது நோகிறது என்று வைத்தியரிடம் வாய்திறந்து சொல்வது மிக அரிது. "டொக்டர், சலம் போகேக்குள்ள எரியுது" என்றுதான் தொடங்குவார். வெளிநோயாளர் பிரிவின் நெரிசலில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். சிறுநீர்த் தொற்று என்று எடுத்துக்கொண்டு சில நாட்களுக்கு அன்ரிபயோட்டிக் எழுதப்படும். எரிவு கொஞ்சம் தணியும், சிலருக்குத் தணியாமலே இருக்கும். ஒன்றிரண்டு மாதத்தில் அதே பெண் அதே சொல்லோடு மறுபடியும் வரிசையில் நிற்பார். மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் இப்படி ஆண்டுக்கணக்கில் அன்ரிபயோட்டிக் விழுங்கும் பெண்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது வேறொரு மருந்து.

அந்த மருந்து புதிதாக வந்ததல்ல. ராவுல் ராஸ், வோல்ற்றர் ஸ்டாம் என்ற இரு வைத்தியர்கள் 1993 இல் வெளியிட்ட ஆய்வொன்று, மாதவிடாய் நின்றபின் அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்துகொண்டிருந்த 93 பெண்களை எடுத்துக்கொண்டது. ஒரு பகுதியினருக்கு ஈஸ்ட்ரியோல் என்ற ஓமோன் கலந்த கிறீம், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் கிறீம். இரண்டையும் பெண்ணுறுப்பின் உள்ளே எட்டு மாதம் பூசச் சொன்னார்கள். மருந்து பூசியவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.5 தொற்று. வெறும் கிறீம் பூசியவர்களுக்கு 5.9. பத்து மடங்குக்கு மேற்பட்ட இந்த வித்தியாசத்தைத் தந்த அதே கிறீம்தான் உறவின்போது வரும் நோவையும், இருக்கும்போதும் நடக்கும்போதும் வரும் வெளிப்புற எரிவையும் ஆற்றுகிறது. ஆகவே இந்தக் கட்டுரையின் கேள்வி இரண்டு முனை கொண்டது. மாதவிடாய் நின்றபின் பெண்ணுறுப்பில் வரும் நோவுக்கு இன்று என்னென்ன மருந்துகள் உண்டு, அவற்றில் எதை எவருக்கு முதலில் கொடுப்பது என்பது ஒன்று. திருகோணமலை போன்ற மாவட்டத்தில் அது எந்த வழியால் பெண்ணிடம் போய்ச் சேரும் என்பது மற்றது. இரண்டாவது கேள்விதான் கடினமானது என்பது என் முடிவு.

சூலகம் ஈஸ்ட்ரஜன் சுரப்பதை நிறுத்தும்போது அதை நம்பி வாழ்ந்த திசுக்கள் மெலிகின்றன. யோனியின் உட்சுவரும், வாசல் தோலும், சிறுநீர் வழியின் முனையும், சிறுநீர்ப்பையின் அடிப்பகுதியும் கருவில் ஒரே இடத்திலிருந்து வளர்ந்தவை. நான்கிலும் ஈஸ்ட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. ஓமோன் இருந்த காலத்தில் உட்சுவர் பல அடுக்காகத் தடித்து, அதன் கலங்களில் கிளைக்கோஜன் என்ற மாப்பொருள் நிறைந்திருக்கும். அதை உண்டு வாழும் லக்ரோபசிலசு பற்றீரியாக்கள் லக்ரிக் அமிலத்தை உண்டாக்கிக் கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் வைத்திருக்கும். பி.எச். அளவு 4.5 க்குக் கீழே நிற்கும். ஈஸ்ட்ரஜன் வற்றியதும் அடுக்குகள் மெலிந்து, மாப்பொருள் குறைந்து, அந்த நல்ல பற்றீரியாக்கள் அருகிப்போகின்றன. பி.எச். 5 ஐத் தாண்டுகிறது. குடலிலிருந்து வரும் கிருமிகளுக்கு இடம் கிடைக்கிறது. இரத்த ஓட்டம் குறைவதால் கிளர்ச்சியின்போது ஊறவேண்டிய ஈரமும் ஊறுவதில்லை. தோல் நெகிழ்ச்சி இழந்து வாசல் சுருங்குகிறது. பிறகு உராய்வு வெடிப்பாகவும் எரிவாகவும் சில வேளை இரத்தக் கசிவாகவும் முடிகிறது.

சிறுநீர்த் தொல்லையும் உறவு நோவும் ஒரே வேரிலிருந்து வருவதை உணர்ந்தே, 2014 இல் வட அமெரிக்க மாதவிடாய் நிறுத்தக் கழகமும் பெண்களின் பாலியல் நலத்துக்கான பன்னாட்டுக் கழகமும் இரண்டையும் சேர்த்து ஒரே நோய்க்கூட்டமாக வகுத்தன. மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு இது ஏதோ ஓர் அளவில் உண்டு என்பது பல நாட்டு ஆய்வுகளின் மதிப்பீடு. உடம்பு கொதித்து வியர்க்கும் தொல்லை சில ஆண்டுகளில் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். இது அடங்காது, மருந்தில்லாமல் விட்டால் வயதோடு கூடும். இலங்கைப் பெண்களின் சராசரி ஆயுள் எண்பதை எட்டுகிறது. ஐம்பதையொட்டி மாதவிடாய் நிற்கிறதென்றால் மிச்சம் கிட்டத்தட்ட முப்பது ஆண்டு. 2009 இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில் இந்த வயதுப் பெண்கள் முதலாவதாகச் சொன்ன முறைப்பாடு மூட்டு, தசை நோவு. அடுத்தது உடலும் மனமும் களைத்துப்போவது. உடற்கொதிப்பு அதற்குப் பிறகுதான். பெண்ணுறுப்பின் வரட்சி அந்த முன்வரிசையில் இல்லை. நம் பெண்களுக்கு அது குறைவு என்று இதைப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. கேள்விக்கொத்தோடு எதிரே இருப்பவரிடம் முழங்கால் நோவைச் சொல்வது சுலபம்.

மருந்துக்குப் போகுமுன் ஒரு பரிசோதனை கட்டாயம் வேண்டும். கண்ணால் பாராமல் எழுதிக்கொடுக்கும் துண்டு இந்த விடயத்தில் அடிக்கடி பிழைக்கிறது. அதிகம் நடக்கும் பிழை, எரிவும் கடியும் என்றதும் பூஞ்சணத் தொற்று என்று முடிவுகட்டி குளோற்றிமசோல் வில்லைகளைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது. ஈஸ்ட்ரஜன் வற்றிய யோனியில் பூஞ்சணம் எளிதில் வளராது. வளர்ந்தால் பெரும்பாலும் பின்னால் சீனி வருத்தம் இருக்கும், அல்லது அந்தப் பெண் ஏற்கெனவே ஓமோன் எடுப்பவராக இருப்பார். நீரிழிவுக்காக இப்போது பரவலாகக் கொடுக்கப்படும் எம்பாகிளிபுளோசின், டபாகிளிபுளோசின் வகை மாத்திரைகள் சீனியைச் சலத்தோடு வெளியேற்றுவதால் பூஞ்சணத் தொற்றைக் கூட்டும். கிளினிக் கொப்பியைப் புரட்டி அந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

வெளித்தோல் வெளுத்து, சுருங்கி, இரவில் தாங்க முடியாத கடி இருந்தால் அது லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். அதற்கு ஈஸ்ட்ரஜன் கேட்காது. குளோபெற்றசோல் போன்ற வீரியமான ஸ்ரீரொயிட் பூச்சே மருந்து. கவனியாமல் விட்டால் சிறு வீதத்தினருக்குப் புற்றாக மாறும் என்பதால் இதைத் தவறவிடக் கூடாது. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி இரத்தம் வந்தாலும், அது வரட்சியால் வந்தது என்று கிறீம் கொடுத்து அனுப்பாமல் கருப்பையைப் பரிசோதிக்க வேண்டும். நோவு எந்த இடத்தில் என்று கேட்பதும் முக்கியம். பஞ்சு சுற்றிய குச்சியால் வாசலைச் சுற்றித் தொட்டுப் பார்த்தால், பல பெண்களுக்கு உள்ளே ஆழத்தில் நோவே இல்லை. யோனியின் முகப்பில், சிறுநீர்த் துவாரத்துக்குக் கீழே உள்ள சிறு வளையத்தில்தான் எல்லா நோவும் குவிந்திருக்கும். மருந்தை எங்கே பூச வேண்டும் என்பதை இந்தத் தொடுகைதான் சொல்லித்தரும்.

சிகிச்சையின் முதற்படி ஓமோன் இல்லாதது, அதுவும் ஒரு பழக்கத்தை நிறுத்துவதில் தொடங்குகிறது. சவர்க்காரம், டெற்றோல் கலந்த நீர், வாசனைத் திரவங்கள் கொண்டு உள்ளே வரை கழுவுவது மெலிந்த தோலை மேலும் புண்ணாக்கும். தொழுகைக்காகவோ கோவிலுக்காகவோ சுத்தம் பேணும் பெண்களுக்கு வெறும் நீர் போதும் என்று வைத்தியர் சொன்னால்தான் மனம் ஏற்கும். அடுத்தது ஈரம். உறவுக்குச் சற்று முன் பூசும் வழுக்குக் களிம்பு ஒரு வகை. வாரத்தில் இரண்டு மூன்று தடவை உள்ளே வைத்து நாள்முழுக்க ஈரம் காக்கும் ஜெல் இன்னொரு வகை. நீர் சார்ந்த வழுக்குக் களிம்புகள் எல்லாம் ஒரே தரமல்ல. கரைசல் செறிவு மிகக் கூடியவை திசுவிலிருந்து நீரை உறிஞ்சி எரிவைத் தரும் என்பதால், உலக சுகாதார நிறுவனம் 2012 இல் அதற்கு ஒரு மேல் எல்லையை அறிவுறுத்தியது. வீட்டில் இருக்கும் தூய தேங்காயெண்ணெயைப் பல பெண்கள் தாமாகவே கண்டுபிடித்துப் பூசுகிறார்கள். உராய்வைக் குறைக்க அது உதவும், ஆணுறை பாவிப்பவர்கள் மட்டும் தவிர்க்க வேண்டும், எண்ணெய் இறப்பரைக் கெடுக்கும். ஆனால் எண்ணெயோ ஜெல்லோ மெலிந்த சுவரைத் திரும்பத் தடிப்பாக்காது.

இந்த இடத்தில் ஓர் ஆய்வை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். 2018 இல் அமெரிக்காவில் கரோலின் மிச்செல் தலைமையில் 302 பெண்களை மூன்றாகப் பிரித்து 12 வாரம் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு 10 மைக்ரோகிராம் எஸ்ட்ரடயோல் வில்லை, ஒரு குழுவுக்கு ஈரங்காக்கும் ஜெல், மூன்றாவது குழுவுக்கு இரண்டுமே போலி. மூன்று குழுவிலும் தொல்லை நன்றாகக் குறைந்தது. குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஓமோனே வீண் என்று இதைக் காட்டி வாதிட்டவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. போலி என்று கொடுத்ததும் ஒரு ஜெல்தான். அதற்கும் வழுக்கு உண்டு. கூடவே ஒருவர் அக்கறையாகக் கேட்டு, பரிசோதித்து, பன்னிரண்டு வாரம் தொடர்ந்து விசாரித்திருக்கிறார். இலேசான தொல்லைக்கு மலிவான ஜெல்லில் தொடங்கலாம், அதிலேயே பலருக்குப் போதுமாகலாம் என்பதற்கு இது நல்ல சான்று. சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும் பெண்ணுக்கோ, தோல் வெடித்து இரத்தம் கசியும் பெண்ணுக்கோ இந்த ஆய்வு விடை சொல்லவில்லை.

அப்படிப்பட்டவர்களுக்கு உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரஜன்தான் முதல் மருந்து. கிறீம், சிறு வில்லை, மூன்று மாதம் உள்ளே இருந்து நாளுக்கு 7.5 மைக்ரோகிராம் கசியும் வளையம் என்று இது பல உருவில் வருகிறது. எது மேல்? 2016 இல் கொக்ரேன் அமைப்பு 30 ஆய்வுகளை, 6,235 பெண்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து, பயனில் ஒன்றுக்கொன்று வேறுபாடில்லை என்று முடித்தது. அதன் பொருள் நம் மாவட்டத்துக்கு மிகப் பெரியது: கிடைப்பதில் மலிவானது எதுவோ அதுவே நல்லது. ஈஸ்ட்ரியோல் கிறீமின் வழமையான முறை, முதல் இரண்டு வாரம் நாள்தோறும் இரவில் அரைக் கிராம், பிறகு வாரம் இரண்டு இரவு. அரைக் கிராம் கிறீமில் அரை மில்லிகிராம் மருந்து. 15 கிராம் ரியூப் ஒன்றில் முப்பது தடவைக்கு இருக்கும். முதல் ரியூப் பத்து வாரம் வரும், அடுத்தது ஒவ்வொன்றும் பதினைந்து வாரம். ஆண்டுக்கு நான்கு ரியூப்புக்கு மேல் தேவைப்படாத ஒரு மருந்து இது. கூட வரும் பிளாஸ்ரிக் குழாயை நுழைக்க நோகுமென்றால் சுத்தமான விரல் நுனியிலேயே எடுத்துப் பூசலாம். முகப்பில் நோவுள்ளவர்களுக்கு விரல்தான் நல்லது, குழாய் மருந்தை ஆழத்தில் கொட்டிவிட்டு வாசலை விட்டுவிடும். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் எடுக்கும். மூன்றாம் வாரத்தில் 'ஒண்டும் நடக்கேல்லை' என்று நிறுத்திவிடும் பெண்களுக்கு இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். நிறுத்தினால் தொல்லை திரும்பும் என்பதையும்.

பெட்டிக்குள் மடித்து வைத்த தாள்தான் இந்த மருந்தின் பெரிய எதிரி. புற்றுநோய், பக்கவாதம், இரத்தக்கட்டி என்று அது அடுக்கும். ஆங்கிலம் வாசிக்கும் மகளோ மருமகனோ அதைப் படித்துச் சொன்னதும் ரியூப் திறக்கப்படாமலே குப்பைக்குப் போகும். அந்த எச்சரிக்கைகளின் மூலம் அமெரிக்காவின் பெண்கள் நல முன்முயற்சி ஆய்வு. 16,608 பெண்களில் ஒரு பாதிக்குக் குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரஜனும் செயற்கைப் புரொஜெஸ்ரினும் சேர்ந்த மாத்திரையை நாள்தோறும் கொடுத்தார்கள். மார்பகப் புற்று ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் எட்டுப் பேருக்குக் கூடுதலாக வந்ததையும், இதயத்துக்கும் மூளைக்கும் பாதிப்பு கூடியதையும் கண்டு 2002 ஜூலையில் ஆய்வின் அந்தப் பகுதியை இடையில் நிறுத்தினார்கள். அந்தப் பெண்களின் சராசரி வயது 63. அவர்கள் விழுங்கியது உடம்பு முழுவதும் ஓடும் மாத்திரை. ஆனால் அதன்பின் வந்த கட்டமிட்ட எச்சரிக்கை, வாரம் இரு தடவை பூசும் கிறீமின் பெட்டியிலும் அப்படியே அச்சானது.

கணக்குப் பார்த்தால் இது எவ்வளவு பொருந்தாதது என்று விளங்கும். 10 மைக்ரோகிராம் எஸ்ட்ரடயோல் வில்லையை விதிப்படி ஓராண்டு முழுக்க வைத்தாலும் உள்ளே போகும் மொத்தம் ஏறத்தாழ 1.14 மில்லிகிராம். உடற்கொதிப்புக்காக வாயால் விழுங்கும் 1 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருப்பதற்குக் கிட்டத்தட்டச் சமன். அதாவது ஒரு நாளின் மாத்திரை ஓராண்டுக்குப் பரவியிருக்கிறது. இரத்தத்தில் ஓமோன் அளவு மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இயல்பான எல்லைக்குள்ளேயே நிற்கும். அதே பெண்கள் நல முன்முயற்சியில் கண்காணிப்பில் இருந்த 45,000 க்கும் மேற்பட்ட பெண்களின் தரவை 2018 இல் ஆராய்ந்தபோது, உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரஜனைப் பாவித்தவர்களுக்கு மார்பகப் புற்றோ, கருப்பைப் புற்றோ, பக்கவாதமோ, இரத்தக்கட்டியோ கூடவில்லை. கருப்பை உள்ளவர்களும் இந்தக் குறைந்த அளவுக்குக் கூடவே புரொஜெஸ்ரின் எடுக்கத் தேவையில்லை என்பது இன்றைய வழிகாட்டல். பிரித்தானியா 2022 இல் ஐம்பது வயதைக் கடந்து, மாதவிடாய் நின்று ஓராண்டான பெண்கள் இந்த வில்லையை வைத்தியர் துண்டு இல்லாமலே மருந்தகத்தில் வாங்க அனுமதித்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கட்டமிட்ட எச்சரிக்கையை அகற்றும் முடிவை 2025 நவம்பரில் அறிவித்தது. இருபது ஆண்டுக்கு மேல் பெண்கள் தேவையில்லாமல் பயந்திருக்கிறார்கள். அந்தப் பழைய தாள் நம் ஊர் அலமாரிகளிலிருந்து மறைய இன்னும் காலம் எடுக்கும். மருந்தைக் கையில் கொடுப்பவரே வாயால் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உள்ளே வைக்க முடியாதவர்களுக்கு ஒஸ்பெமிஃபீன் என்ற மாத்திரை உண்டு. பின்லாந்தில் பிறந்த மருந்து. மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் தமொக்சிஃபெனின் உறவு. சில திசுக்களில் ஈஸ்ட்ரஜன் போலவும் சிலவற்றில் அதற்கு எதிராகவும் நடந்துகொள்ளும். நாளுக்கு 60 மில்லிகிராம், சாப்பாட்டோடு. 826 பெண்களில் 12 வாரம் நடத்திய ஆய்வும் 605 பெண்களில் உறவு நோவை மட்டும் பார்த்த ஆய்வும் போலி மாத்திரையைவிட இது மேல் என்று காட்டின. 2013 பெப்ரவரியில் அமெரிக்கா இதை அனுமதித்தது. 2015 இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்தபோது, உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரஜன் பொருந்தாதவர்களுக்கென்று வரையறுத்தது. உடற்கொதிப்பை இது கூட்டும். திருகோணமலையின் சித்திரை வெயிலில் அது சின்னத் தொல்லையல்ல. இரத்தக்கட்டி, பக்கவாதம் வந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. கைநடுக்கம், மூட்டுவாதம், தன் உறுப்பைத் தொடவே முடியாத கூச்சம் உள்ளவர்களுக்கு இது பயனுள்ள மாற்று. ஆனால் நாள்தோறும் வாழ்நாள் முழுதும் விழுங்கவேண்டிய விலைகூடிய மாத்திரையை, நான்கு ரியூப் கிறீம் செய்யும் வேலைக்கு முதல் தெரிவாக வைப்பதற்கு எந்த நியாயமும் நான் காணவில்லை.

இந்த மருந்தின் அனுமதிப் பத்திரம் என்னை வேறொரு விதத்திலும் யோசிக்க வைக்கிறது. 2013 இல் அனுமதி கிடைத்தது உறவின்போது வரும் நோவுக்கு மட்டும். வரட்சிக்கும் என்று சேர்த்தது 2019 இல். இந்த ஆய்வுகள் 'உங்களை மிகவும் தொந்தரவு செய்வது எது' என்று கேட்டு, அதில் உறவு நோவைச் சொன்னவர்களைத் தனியாக எண்ணின. திருகோணமலையில் இன்று ஐம்பதிலும் அறுபதிலும் இருக்கும் பெண்கள் போர்க்காலத்தில் இளமையைக் கழித்தவர்கள். கணவனை இழந்து தனியே குடும்பத்தைத் தாங்கியவர்கள் அவர்களில் நிறையப்பேர். சம்பூரிலிருந்தும் மூதூரின் கிழக்குக் கிராமங்களிலிருந்தும் 2006 இல் இடம்பெயர்ந்து, முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்து திரும்பியவர்கள் இருக்கிறார்கள். உறவே இல்லாத ஒரு விதவைக்குச் சலம் போகும்போது எரிகிறது, நெடுநேரம் இருந்தால் எரிகிறது, இரவில் நான்கு தடவை எழும்ப வேண்டியிருக்கிறது. 'உனக்கு இனி ஏன் இதெல்லாம்' என்ற பார்வையைச் சமூகம் வைத்திருக்கிறது. நோவை உறவோடு மட்டும் கட்டி அளக்கும் மருந்தாய்வும் அவளை வெளியே விட்டுவிடுகிறது. மருந்து அவளுக்கும் உரியது. கணவன் இருக்கிறாரா என்ற கேள்வி துண்டு எழுதுவதற்கு முன் கேட்க வேண்டியதல்ல.

மருந்து வரிசையில் இன்னொன்றும் உண்டு. கியூபெக்கின் ஃபெர்னாண்ட் லப்ரி உருவாக்கிய பிரஸ்ரறோன் வில்லை 2016 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 6.5 மில்லிகிராமை நாள்தோறும் இரவில் உள்ளே வைக்க வேண்டும். கலங்களுக்குள் போய் ஈஸ்ட்ரஜனாகவும் அண்ட்ரஜனாகவும் மாறும். வேலை செய்கிறது, விலை அதிகம்.

மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற பெண்களின் நிலைதான் இந்தத் துறையின் கடினமான பகுதி. இலங்கைப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்று இதுதான். மட்டக்களப்புக்கும் மஹரகமவுக்கும் பஸ்ஸில் அலைந்து உயிர் பிழைத்த பெண்ணுக்கு லெற்றிரசோல், அனஸ்ட்ரசோல் போன்ற மாத்திரைகள் ஐந்தாண்டோ அதற்கு மேலோ கொடுக்கப்படும். அவை உடம்பில் மிச்சமிருக்கும் ஈஸ்ட்ரஜனையும் துடைத்தெடுப்பதால் யோனி வரட்சி மிகக் கடுமையாகும். சிலர் அதற்காகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், அது உயிருக்கு ஆபத்து. 2022 இல் டென்மார்க்கிலிருந்து வந்த 8,461 பெண்களின் ஆய்வில், உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரஜனால் மொத்தத்தில் புற்று திரும்புவது கூடவில்லை. ஆனால் லெற்றிரசோல் வகை மாத்திரை எடுப்பவர்கள் மத்தியில் திரும்பும் ஆபத்து சற்றுக் கூடியது. 2023 இல் ஸ்கொட்லாந்து, வேல்ஸ் நாடுகளின் 49,237 பெண்களின் பதிவுகளில் புற்றால் இறப்பது கூடவில்லை. ஆகவே இவர்களுக்கு முதலில் ஓமோனில்லாத வழி. அது போதாவிட்டால், புற்றுநோய் வைத்தியரையும் கூட்டிப் பேசி, பெண்ணின் சம்மதத்தோடு குறைந்த அளவு ஈஸ்ட்ரஜன். ஒரேயடியாக 'கூடாது' என்று கதவைச் சாத்துவதற்கு இன்றைய சான்றுகள் இடம் கொடுக்கவில்லை.

இவர்களுக்கு இன்னொரு எளிய வழியும் உண்டு. அமெரிக்காவின் ஒரிகனில் மார்த்தா கூட்ச் என்ற பெண்நோயியல் வைத்தியர், மார்பகப் புற்றிலிருந்து மீண்டு கடும் உறவு நோவோடு இருந்த 46 பெண்களுக்கு, உறவுக்கு முன் 4 வீத லிடொகெயின் திரவத்தில் நனைத்த பஞ்சை யோனி முகப்பில் மூன்று நிமிடம் வைக்கச் சொன்னார். ஒப்பீட்டுக்காக உப்புநீர் வைத்தவர்களைவிட லிடொகெயின் வைத்தவர்களுக்கு நோவு தெளிவாகக் குறைந்தது. அது முகப்புக்கு உரியது, ஆழத்துக்கல்ல. பல் பிடுங்கும்போது மரக்கச் செய்யும் அதே மருந்து, உள்ளூர் வைத்தியசாலை எதிலும் அறியப்பட்டது. 2015 இல் வெளியான இந்த ஆய்வு நம் கிளினிக்குகளில் பேசப்பட வேண்டியது. நரம்பு நோவு என்று கபபென்ரின் எழுதுவது மறுபுறம் கூடிவருகிறது. வாசல் நோவுள்ள 89 பெண்களில் 2018 இல் செய்த சோதனையில் அது போலி மாத்திரையைவிட மேலாக இல்லை. முதியவர்களுக்குத் தலைச்சுற்றும் விழுகையும்தான் மிச்சமாகும். பயத்தில் இறுகிப்போன இடுப்படித் தசைக்கு மருந்து இல்லை. மூச்சோடு சேர்ந்த தளர்த்தற் பயிற்சியும், தேர்ந்த பிசியோதெரபியும் வேண்டும்.

யோனிக்குள் லேசர் காட்டும் சிகிச்சை பற்றி ஒரே பந்தியில் சொல்லிவிடலாம். 2018 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு எதிராக எச்சரித்தது. 2021 இல் அவுஸ்திரேலியாவில் 90 பெண்களை வைத்து, பாதிப் பேருக்குப் பொய்யாக லேசர் காட்டி நடத்திய ஆய்வில் ஓராண்டு முடிவில் எந்த வித்தியாசமும் இல்லை. நகையை அடகுவைத்து இதற்குப் போகவேண்டாம்.

மருந்து தெளிவாயிற்று. பாதை தெளிவாகவில்லை. இலங்கையின் பொதுச் சுகாதாரச் சேவைக்கு உலகமெங்கும் நல்ல பெயருண்டு. ஒவ்வொரு கிராமத்திலும் குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறார், வீட்டுக்கு வருகிறார், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஆனால் அவருடைய பதிவேடு பெரும்பாலும் 15 முதல் 49 வயது வரையான மணமான பெண்களையும் சிறு பிள்ளைகளையும் சுற்றியது. 1994 கெய்ரோ மாநாட்டின் பின்னணியில் 1996 இல் தொடங்கிய வெல்வுமன் கிளினிக், கருப்பைக் கழுத்துப் புற்றுக்கும் மார்பகத்துக்கும் சீனிக்கும் அழுத்தத்துக்கும் பார்க்கிறது. அதன் முதன்மை இலக்கு 35 வயதும் 45 வயதும். ஒரு பெண்ணைப் பரிசோதனைக் கட்டிலில் படுக்கவைத்து, உரிய விளக்கொளியில் பார்க்கும் ஒரே இடம் அதுதான். வரட்சி தொடங்கும் ஐம்பத்தொன்றில், ஐம்பத்தைந்தில் அவளை அழைக்க யாருமில்லை. நாற்பத்தைந்தில் வந்து போனவர் அதற்குப் பிறகு வைத்தியசாலைக்கு வருவது சீனிக்கும் அழுத்தத்துக்கும், பிறகு சலக்கடுப்புக்கும்.

தூரம் முன்போல் தடையில்லை. 2009 இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்தபின், அதற்கடுத்து மூதூர் வீதியின் பாலங்களும் வந்தபின், வள்ளத்துக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. கிண்ணியாவிலும் மூதூரிலும் கந்தளாயிலும் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன, நகரில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. தடை வேறு வகையானது. விஓஜி எனப்படும் மகப்பேற்று, பெண்நோயியல் நிபுணர் பெரும்பாலும் ஆண், பெரும்பாலும் வேறு மொழி பேசுபவர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் மாவட்டத்தில், மொழிபெயர்த்துச் சொல்ல ஊழியர் ஒருவர் பக்கத்தில் நிற்கையில், ஐம்பத்தெட்டு வயது உம்மா ஒருவர் படுக்கையறை விடயத்தைப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஊர்ப் பெண்ணான குடும்பநல உத்தியோகத்தர் திண்ணையில் இருந்து, 'அக்கா, ராத்தா, சலம் போகேக்குள்ள எரியுதா, அந்த இடம் காஞ்சு வெடிக்குதா?' என்று கேட்டால் பேச்சு வேறு விதமாய் வரும். பெண்ணின் வாயிலிருந்து தானாக வராத சொல்லைக் கேட்பவர் முதலில் சொல்லிவிட்டால், ஆம் என்று தலையாட்டுவது அவளுக்கு எளிது.

சின்னத் தயக்கங்களுக்கும் விடை வைத்திருக்க வேண்டும். நோன்பு காலத்தில் உள்ளே மருந்து வைத்தால் நோன்பு முறியுமா என்று கிண்ணியாவில் கேட்பார்கள். இந்தக் கிறீம் வாரம் இரண்டு தடவை, அதுவும் இரவில், ஆகவே நோன்பு திறந்தபின் வைத்துக்கொள்ளலாம் என்ற பதிலே போதும். மத்திய கிழக்கில் ஆண்டுக்கணக்கில் வேலைசெய்து கணவனோ மனைவியோ ஊர் திரும்பும் வீடுகள் இங்கே பல. நெடுநாள் இடைவெளிக்குப் பின் மெலிந்த தோலில் முதல் உறவே காயமாகிவிடும். வருகைத் திகதி முன்கூட்டியே தெரியுமென்றால், ஆறு வாரம் முன்பே கிறீமைத் தொடங்கும்படி சொல்லலாம். கணவருக்கும் ஒரு வார்த்தை வேண்டும், இது விருப்பமின்மையோ வேறெதுவோ அல்ல, தோலின் நோய் என்று. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கப்படுகிறது. கற்றாழைச் சோற்றையும் எண்ணெய்களையும் பற்றிப் பெண்கள் கேட்கும் கேள்விகளை முறையான சோதனைக்கு எடுக்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஈஸ்ட்ரியோல் கிறீமை ஒப்பீட்டுக்கு வைத்து, நூறு பெண்களில் ஒரு நேர்மையான ஆய்வு போதும்.

வைத்தியசாலை மருந்தகத்தில் இல்லாத மருந்துக்கு 'வெளியில வாங்குங்கோ' என்று துண்டு கொடுப்பது 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் மக்களுக்குப் பழகிப்போன ஒன்று. சீனி மருந்தையே பாதியாக்கி விழுங்கிய வீட்டில், தனக்கென ஒரு கிறீம் வாங்க ஒரு தாய் பணம் எடுக்கமாட்டாள். ஆகவே ஆண்டுக்கு நான்கு ரியூப் என்ற கணக்கை மாவட்டத்தின் மருந்துத் தேவை மதிப்பீட்டில் சேர்ப்பது முதலாவது வேலை. திரும்பத் திரும்ப எழுதும் அன்ரிபயோட்டிக்கின் செலவையும், அதனால் வளரும் எதிர்ப்புக் கிருமிகளையும் மறுபக்கத்தில் வைத்துப் பார்த்தால் அரசுக்கு அது இழப்பாகாது. இரண்டாவது, வெல்வுமன் கிளினிக்குக்கு 55 வயதில் ஒரு மூன்றாவது அழைப்பு. மூன்றாவது மிகச் சிறியது: ஐம்பதைத் தாண்டிய பெண் ஆண்டுக்கு இரண்டாம் தடவை சலக்கடுப்போடு வந்தால், அன்ரிபயோட்டிக் எழுதுமுன் கிளினிக் கொப்பியில் மாதவிடாய் நின்ற ஆண்டைக் குறித்துவிட்டு, பரிசோதனைக்குப் படுக்கவைப்பது.